கட்டாமல் விட்ட ஒரு பில்: 7,548 பேர் மோதிய விண்வெளிப் போர்!

மின்சார பில் கட்டாமல் விட்டால் என்ன ஆகும்? ஆள் வந்து பீஸைப் பிடுங்கிக்கொண்டு போவார். ஒரு நாள் இருட்டில் இருக்கவேண்டும். மறுநாள் அபராதத்தோடு கட்டினால் விளக்கு எரியும். அத்தோடு முடிந்தது.

ஆனால் ஒரு பில் கட்டப்படாததால் 75 ராட்சதப் போர்க்கப்பல்கள் தூள்தூளாயின. 7 ஆயிரத்து 548 பேர் சண்டையில் குதித்தார்கள். சுமார் 21 மணி நேரம் ஓயாமல் பீரங்கிகள் முழங்கின. யாருக்கும் ஒரு சிராய்ப்பு கூட இல்லை!

ஆமாம், இது கம்ப்யூட்டரில் நடந்த போர். நடந்தது 2014-ம் ஆண்டு ஜனவரி 27-ந் தேதி. நம் ஊர்க் கடிகாரப்படி அன்று இரவு தொடங்கி மறுநாள் மாலை வரை நீடித்தது.

'பிள்ளைகள் செல்போனில் விளையாடுவது போலத்தானே?' என்று கேட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஆபீசில் பேரேடு எழுதியவர்களும், ஆலையில் ஷிப்ட் பார்த்தவர்களும், சங்கத்துக்குச் சந்தா கட்டியவர்களும் இந்தக் கதையை மற்றவர்களை விட நன்றாகப் புரிந்துகொள்வார்கள்.

ஐஸ்லாந்தில் பிறந்த ஆகாயம்

விளையாட்டின் பெயர் 'ஈவ் ஆன்லைன்'. ஐஸ்லாந்து நாட்டின் தலைநகரான ரெய்க்யவிக்கில் உள்ள சி.சி.பி. என்ற கம்பெனி உருவாக்கிய இது 2003-ம் ஆண்டு மே மாதம் வெளிவந்தது. கதைப்படி மனிதர்கள் பூமியை விட்டுப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டார்கள். 5 ஆயிரத்துக்கும் அதிகமான நட்சத்திர மண்டலங்களில் குடியேறி இருக்கிறார்கள். சுரங்கம் தோண்டலாம். சரக்கு ஏற்றலாம். கப்பல் கட்டலாம், விற்கலாம். கொள்ளையும் அடிக்கலாம்.

மற்ற விளையாட்டுகளில் கூட்டம் சேர்ந்தால் பிரித்துப் பிரித்துத் தனித்தனி உலகங்களில் விட்டுவிடுவார்கள். இதில் அப்படி இல்லை. ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரே ஆகாயம். லண்டன்காரரும் மாஸ்கோக்காரரும் சிட்னிக்காரரும் ஒரே சந்தையில் பேரம் பேசவேண்டும். ஒரே இடத்துக்காக முட்டிக்கொள்ளவேண்டும்.

2013-ல் இதற்கு 5 லட்சம் சந்தாதாரர்கள் இருந்தார்கள். அப்போது ஐஸ்லாந்தின் ஜனத்தொகையே அவ்வளவு கிடையாது! விளையாட்டுக்குள் புழங்கும் பணத்தின் சுருக்கப் பெயர் 'ஐ.எஸ்.கே.'. ஐஸ்லாந்து நாட்டு நாணயத்தின் சர்வதேசக் குறியீடும் அதே மூன்று எழுத்துதான். இந்தப் பொருளாதாரத்தைக் கவனிப்பதற்கென்றே 2007-ல் ஒரு பொருளாதார நிபுணரைக் கம்பெனி சம்பளம் கொடுத்து வைத்தது. எய்யோல்ஃபுர் குட்முண்ட்சன் என்ற அவர், பின்னர் 2014-ல் ஐஸ்லாந்தின் அகுரெய்ரி பல்கலைக்கழகத்துக்குத் தலைவராகப் போனார்.

கணக்கு வழக்கு அத்தனை அதிகம். எக்ஸெல்லில் போடும் கட்டம் போட்ட கணக்குத்தாள்தான் இந்த விளையாட்டு என்று ஆட்டக்காரர்களே கேலி செய்வார்கள். கேலி பலித்தும் விட்டது. இந்த விளையாட்டின் புள்ளிவிவரங்களை நேரே எக்ஸெல்லில் இறக்கிக்கொள்ள 2023-ல் ஓர் ஏற்பாடே வந்தது. ஆபீஸ் முடிந்து வீட்டுக்குப் போய் மறுபடியும் கணக்குத்தாளைத் திறந்து வைத்துக்கொண்டு அதை விளையாட்டு என்று சொல்கிற மனிதர்கள்! குமாஸ்தா வேலையை இழிவாகப் பேசுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

குத்தகை பாக்கி

இந்த ஆகாயத்தின் நடுப்பகுதியில் போலீஸ் காவல் உண்டு. ஓரப்பகுதிகளில் கிடையாது. அங்கே பலம் உள்ளவன் வைத்ததே சட்டம். ஆயிரக்கணக்கானவர்கள் கூட்டணி சேர்ந்து ஒரு மண்டலத்தைப் பிடித்துக் கொடி நடுகிறார்கள். நட்டால் மட்டும் போதாது. அன்றைய விதிப்படி தவணை தவறாமல் குத்தகைப் பணம் கட்டவேண்டும். தவறினால் கொடி இறங்கிவிடும். யார் வேண்டுமானாலும் வந்து தங்கள் கொடியை நடலாம்.

அப்படி ஒரு மண்டலம்தான் 'பி-ஆர்5ஆர்பி'. பெயரைப் பார்த்தால் லாரி நம்பர் மாதிரி இருக்கும். அன்று 'என்3', 'பாண்டெமிக் லீஜன்' என்ற கூட்டணிகள் ஓர் அணி. 'சி.எஃப்.சி.'யும் ரஷ்ய ஆட்டக்காரர்களும் எதிர் அணி. இரண்டு தரப்புக்கும் மாதக்கணக்கில் போர் நடந்துகொண்டு இருந்தது. பி-ஆர்5ஆர்பி முதல் அணியின் பாசறை. கப்பல்கள், ஆயுதங்கள், உதிரிப் பாகங்கள் எல்லாம் அங்கேதான் குவிந்து கிடந்தன.

ஜனவரி 27-ந் தேதி அந்த மண்டலத்தின் குத்தகை கட்டப்படவில்லை. கொடி இறங்கியது!

பணம் இல்லாமல் இல்லை. கட்டணம் தானாகவே கழிந்துபோகும்படி ஏற்பாடு செய்திருந்தோம் என்று ஒரு தரப்பு சொன்னது. அது ஏன் வேலை செய்யவில்லை என்று பிறகு வாக்குவாதம் நடந்தது. காரணம் எதுவாக இருந்தால் என்ன? எதிர் அணி தகவல் தெரிந்தவுடன் பாய்ந்து வந்து தன் கொடியை நட்டது. பாசறை பறிபோனால் உள்ளே இருப்பது எல்லாம் முடங்கிவிடும். இவர்களும் படையைத் திரட்டிக்கொண்டு ஓடினார்கள்.

யானையைக் கட்டித் தீனி

இரு தரப்பும் இறக்கியவை சாதாரணக் கப்பல்கள் அல்ல. 'டைட்டன்' என்ற ராட்சதக் கப்பல்கள். கதைக் கணக்கில் ஒரு டைட்டனின் நீளம் 10 கிலோமீட்டருக்கு மேல். தாதரில் மூக்கை வைத்தால் வால் அந்தேரிப் பக்கம் கிடக்கும்!

ஒரு டைட்டனைக் கட்டுவதற்கான தாதுக்களைத் தோண்டிச் சேர்க்கப் பலர் உழைக்கவேண்டும். சேர்த்த பிறகும் கப்பல்துறையில் மாதக்கணக்கில் அது வளரவேண்டும். ஓட்டுகிறவர் அதற்கான பயிற்சியை முடிக்க ஓராண்டுக்கு மேல் ஆகும். அது விளையாட்டுக் கணக்கில் ஓராண்டு அல்ல, சுவரில் தொங்கும் காலண்டர்படி ஓராண்டு!

வாங்கிய பிறகாவது நிம்மதி உண்டா? அன்றைய விதிப்படி டைட்டனை எந்த நிலையத்திலும் கொண்டுபோய் நிறுத்தமுடியாது. ஓட்டுகிறவர் இறங்கினால் வேறு ஒருவன் ஏறி ஓட்டிக்கொண்டு போய்விடலாம். ஆகவே பலர் டைட்டனில் உட்காருவதற்காகவே தனியாக இன்னொரு சந்தா கட்டினார்கள். யானையைக் கட்டித் தீனி போடுவது என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

எனவே பெரும்பாலான டைட்டன்கள் சண்டைக்கு வராமலே காலம் தள்ளின. பணக்கார வீட்டு நகை போல, இருக்கிறது என்று எதிரிக்குத் தெரிந்தால் போதும். அன்று இரவு லாக்கர்கள் எல்லாம் திறந்துகொண்டன.

ஊர்ந்து சென்ற காலம்

ஒரே இடத்தில் இத்தனை பேர் கூடினால் கம்ப்யூட்டர் தாங்குமா? ஒரு கட்டத்தில் அந்த ஒரு மண்டலத்துக்குள் மட்டும் 2 ஆயிரத்து 670 பேர் இருந்தார்கள். ஒவ்வொருவரும் எங்கே நகர்ந்தார், யாரைச் சுட்டார், எவ்வளவு சேதம் என்பதைக் கம்ப்யூட்டர் கணக்கிட்டு மற்ற அத்தனை பேருக்கும் சொல்லவேண்டும். ஆள் இரண்டு மடங்கானால் வேலை நான்கு மடங்காகும்.

முன்பெல்லாம் கூட்டம் மிஞ்சினால் எல்லாம் நின்றுபோகும். அதற்காக 2012-ல் ஒரு தந்திரம் செய்தார்கள். கூட்டம் அதிகமானால் காலத்தையே மெதுவாக ஓடவிடுவது! மழைக்காலத்தில் தண்டவாளத்தில் தண்ணீர் தேங்கினால் நம் லோக்கல் ரயில் ஊர்ந்து போகிறது அல்லவா? அடியோடு நிற்பதை விட ஊர்வது மேல். அதே யுக்திதான்.

அன்று காலம் பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு இறங்கியது. ஒரு விநாடியில் நடக்கவேண்டியது நடக்க 10 விநாடி ஆயிற்று. டைட்டனில் 'டூம்ஸ்டே' என்று ஒரு பிரம்மாஸ்திரம் உண்டு. ஒரு முறை ஏவினால் அடுத்ததற்கு 10 நிமிடம் காத்திருக்கவேண்டும். அன்று அந்த 10 நிமிடம் 1 மணி 40 நிமிடமாக நீண்டது. ஒரு குண்டு போட்டுவிட்டு ஒரு சினிமாவில் இடைவேளை தாண்டும் வரை பார்த்துவிட்டு வரலாம்!

சாதாரணச் சிப்பாய் என்ன செய்கிறார்?

டைட்டன் ஓட்டியவர்கள் சில நூறு பேர்தான். மற்ற ஆயிரக்கணக்கானவர்கள்?

அழைப்பு வருகிறது. ஓடிவந்து கம்ப்யூட்டர் முன் உட்காருகிறார். காதில் ஹெட்போன். சுமார் 250 பேர் கொண்ட ஒரு படைப்பிரிவில் பெயர் கொடுக்கிறார். இன்ன கப்பல், இன்ன ஆயுதம் என்று முன்பே உத்தரவு. அதைத் தவிர வேறு கப்பலில் வந்தால் தளபதி திட்டுவார். ஆஜர் எடுக்கிறார்கள். ஆம், மஸ்டர் ரோல் போலவே! யார் யார் எத்தனை சண்டைக்கு வந்தார்கள் என்பதற்குப் பல கூட்டணிகளில் கணக்கு உண்டு. வராதவர்களிடம் மாதக் கடைசியில் விளக்கம் கேட்பதும் உண்டு.

பிறகு காத்திருப்பு. அரைமணி, ஒருமணி. காதில் தளபதி ஒருவர் குரல் மட்டும். வேறு யாரும் பேசக்கூடாது. 'இலக்கு இது' என்று ஒரு பெயர் சொல்கிறார். திரையில் எதிரிகளின் பெயர்ப் பட்டியல் ரேஷன் கடைப் பதிவேடு மாதிரி நீளமாக ஓடுகிறது. அதில் அந்தப் பெயரைத் தேடிப் பிடித்து, குறிவைத்து, எஃப்1 என்ற பொத்தானை அழுத்தவேண்டும். 250 பேரும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் எதிரிக் கப்பல் உடையும். தனியாக ஒருவர் வீரம் காட்டினால் ஒன்றும் ஆகாது. 'எஃப்1 குரங்குகள்' என்று இவர்களே தங்களைக் கேலி செய்துகொள்வார்கள்.

திருவாரூர்த் தேரின் வடத்தைப் பிடித்தவருக்கு இது புரியும். தன் ஒரு கை இழுப்பால் தேர் நகர்ந்ததா என்று எந்த மனிதராலும் சொல்லமுடியாது. ஆனால் கையை எடுக்கவும் மனம் வராது.

தன்மீது குண்டு விழுந்தால் ஒரு பொத்தானைத் தட்டிச் செய்தி கொடுக்கவேண்டும். பழுது பார்க்கும் கப்பல்கள் தனியாக உண்டு. அவை ஒரு குண்டு கூடச் சுடுவதில்லை. தோழர்களின் கப்பலை ஒட்டவைப்பதே வேலை. நேரத்துக்கு உதவி வந்தால் பிழைப்பார். வராவிட்டால் கப்பல் வெடிக்கும். சிறு கூண்டு ஒன்றில் தப்பலாம். கூண்டும் உடைந்தால் உயிர் போகாது. வெகுதூரத்தில் ஒரு நிலையத்தில் புது உடம்போடு விழிப்பார்.

கப்பல் மட்டும் போனது போனதுதான். பழையபடி திரும்பி வராது. இந்த விளையாட்டின் உயிர்நாடியே இந்த ஒரு விதிதான். நஷ்டம் நிஜமாக இல்லாவிட்டால் பயமும் இருக்காது, 21 மணி நேரம் விழித்திருக்கவும் தோன்றாது. நல்ல கூட்டணிகளில் உத்தரவுப்படி போய் அழிந்த கப்பலுக்கு நஷ்டஈடு கொடுக்கிறார்கள். அதற்கு மனுப் போடவேண்டும், அத்தாட்சி இணைக்கவேண்டும். அங்கேயும் கிளார்க் உண்டு!

சின்னக் கப்பலுக்கும் அன்று பெரிய வேலை இருந்தது. டைட்டன்கள் தப்பி ஓடாமல் மறிப்பதற்கென்று சில சிறிய கப்பல்கள் இருக்கின்றன. டைட்டனின் விலையோடு ஒப்பிட்டால் காலணா பெறாது. இது ஒன்று வலையைப் போட்டு நின்றால் அந்தப் பத்துக் கிலோமீட்டர் யானை நகரமுடியாது. டைட்டன் விழுந்ததும் கம்ப்யூட்டரே ஒரு சீட்டு எழுதும். அதில் அந்தக் கப்பலைத் தாக்கிய ஒவ்வொருவர் பெயரும் ஏறும். ஒரே ஒரு குண்டு போட்டவர் பெயரும் உண்டு. அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள்.

வித்தியாசம் பெருகியது

ஆரம்பத்தில் இரு தரப்பும் ஏறக்குறையச் சமமாகத்தான் நின்றன. ஆனால் இந்தச் சண்டையில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு டைட்டன் போனால் போனது கப்பல் மட்டும் அல்ல. அடுத்த சுற்றில் ஒரு பிரம்மாஸ்திரமும் குறைகிறது. குறைந்த அஸ்திரங்களால் எதிரியின் டைட்டனைச் சாய்க்க முடியாது. அவர்கள் முழு எண்ணிக்கையோடு மறுபடி அடிப்பார்கள். கந்துவட்டி போல ஒவ்வொரு சுற்றிலும் வித்தியாசம் வளரும்.

நேரம் போகப் போக ஐரோப்பியர்கள் தூங்கப் போனார்கள். அமெரிக்கர்கள் வேலை முடிந்து வந்து உட்கார்ந்தார்கள். சி.எஃப்.சி. - ரஷ்ய அணிக்கு ஆள் பலம் கூடிக்கொண்டே போயிற்று. எதிர் அணி பின்வாங்க நினைத்தபோது வலைக்குள் இருந்தது.

இந்த விளையாட்டின் கம்ப்யூட்டரைப் பராமரிப்புக்காகத் தினமும் சிறிது நேரம் நிறுத்துவார்கள். நம் நேரப்படி மாலை 4½ மணி. 28-ந் தேதி அந்த நேரம் நெருங்கியபோதுதான் சண்டை அடங்கியது. என்3 - பாண்டெமிக் லீஜன் அணிக்கு 59 டைட்டன்கள் நஷ்டம். மறு தரப்புக்கு 16. இவை தவிர 'ட்ரெட்நாட்' என்ற பெரும் பீரங்கிக் கப்பல்கள் 370 போயின. அந்தப் பிரதேசத்துப் போரே இத்தோடு ஒரு முடிவுக்கு வந்துவிட்டது.

3 லட்சம் டாலர் கரியானதா?

மறுநாள் உலகப் பத்திரிகைகள் எல்லாம் '3 லட்சம் டாலர் நாசம்' என்று எழுதின. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1 கோடியே 85 லட்சம் ரூபாய்! இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும்.

விளையாட்டின் மாதச் சந்தாவுக்கு ஒரு டோக்கன் உண்டு. நிஜப் பணம் கொடுத்து அதை வாங்கி, விளையாட்டுச் சந்தையில் ஐ.எஸ்.கே.க்கு விற்கலாம். இப்படி டாலருக்கும் ஐ.எஸ்.கே.க்கும் ஒரு விகிதம் கிடைக்கிறது. அழிந்த கப்பல்களின் மதிப்பு சுமார் 11 லட்சம் கோடி ஐ.எஸ்.கே. அதை அந்த விகிதத்தால் மாற்றிச் சொன்னதுதான் 3 லட்சம் டாலர். யாருடைய பாங்கிக் கணக்கில் இருந்தும் அன்று அந்தப் பணம் எடுக்கப்படவில்லை. பெரும்பாலான கப்பல்களை ஆட்டக்காரர்கள் தோண்டிச் சேர்த்த தாதுவில் கட்டினார்கள். உண்மையில் கரைந்தது அவர்களுடைய நேரம். எத்தனையோ பேரின் எத்தனையோ மாத ராத்திரிகள். அதற்கு விகிதம் போடப் பத்திரிகைகளுக்குத் தெரியவில்லை.

வெறும் விளையாட்டுத்தானா?

முகம் தெரியாதவர்களோடு இப்படி ஒட்டிக்கொள்வது வீண் வேலை என்று தோன்றலாம். 2012-ம் ஆண்டு செப்டம்பர் 11-ந் தேதி லிபியாவின் பெங்காசி நகரில் அமெரிக்கத் தூதரக அலுவலகம் தாக்கப்பட்டது. தூதர் கிறிஸ்டோபர் ஸ்டீவன்சுடன் இறந்தவர்களில் ஷான் ஸ்மித் என்ற அதிகாரியும் ஒருவர். இவர் இந்த விளையாட்டில் 'வைல் ராட்' என்ற பெயரில் பிரபலமானவர். அங்கேயும் தூதர் வேலைதான்! கூட்டணிகளுக்கு இடையே சமாதானம் பேசுவார்.

செய்தி வந்ததும், நேற்று வரை அவரோடு சண்டை போட்ட எதிரிகளும் சேர்ந்து துக்கம் கொண்டாடினார்கள். ஆகாயம் முழுக்கப் பல நிலையங்களுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். அவருடைய குடும்பத்துக்கு நிதி திரட்டினார்கள். மறு ஆண்டு பிலிப்பைன்சைப் புயல் தாக்கியபோது, சந்தா டோக்கன்களைத் தானமாகக் கொடுத்து 1 லட்சத்து 90 ஆயிரம் டாலர் அளவுக்கு உதவி அனுப்பினார்கள். வெளியூரில் ஊர்ச் சங்கம் வைத்துச் சாவுச் செலவுக்கும் கல்யாணத்துக்கும் வசூல் செய்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

பி-ஆர்5ஆர்பி சாதனை பிறகு முறிந்தது. 2020 அக்டோபரில் ஒரே சண்டையில் ஒரே நேரத்தில் 6 ஆயிரத்து 557 பேர் கூடி கின்னஸ் புத்தகத்தில் இடம் பெற்றார்கள். அதே ஆண்டு டிசம்பர் 30, 31 தேதிகளில் 'எம்2-எக்ஸ்எஃப்இ' என்ற மண்டலத்தில் 257 டைட்டன்கள் அழிந்தன. மதிப்பு 3 லட்சத்து 78 ஆயிரம் டாலர். அடுத்த சில நாட்களிலேயே அங்கே இன்னொரு மோதலுக்குக் கிளம்பினார்கள். கம்ப்யூட்டர் தாங்கவில்லை. தாக்க வந்தவர்களில் பலருக்குத் திரையே தெரியவில்லை. கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதே அவர்கள் கப்பல்கள் சுடப்பட்டன. இந்தக் கொடுமைக்குக் காலத்தை மெதுவாக்கும் தந்திரமும் உதவவில்லை.

பி-ஆர்5ஆர்பியில் உடைந்த டைட்டன்களின் எலும்புக்கூடுகளைக் கம்பெனி ஒரு நினைவுச்சின்னமாக அப்படியே மிதக்கவிட்டது. நிஜ உலகிலும் ஒன்று உண்டு. 2014-ல், போர் நடந்த சில மாதங்களில், ரெய்க்யவிக் துறைமுகத்தில் ஒரு பெரிய சிற்பத்தைத் திறந்துவைத்தார்கள். அந்தச் சமயத்தில் விளையாடிக்கொண்டிருந்த ஆட்டக்காரர்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தளபதி பெயருக்குப் பெரிய எழுத்து கிடையாது. எஃப்1 அழுத்தியவர் பெயரும் அதே பொடி எழுத்தில்தான் இருக்கிறது. ஐஸ்லாந்துக்கு வருகிற ஆட்டக்காரர்கள் குளிர்காற்றில் குனிந்து நின்று, தங்கள் பெயரைத் தேடிப் பிடித்து விரல் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள்.